ஒரு மயிரிழை கூடுதல்

கிளட்ச் பெடலில் புது புஷ் உள்ளே போகவில்லை. நடந்த தவறு அவ்வளவுதான்.

சுத்தியலால் அடித்தேன். போகவில்லை. கெட்ட வார்த்தை சொல்லி அடித்தேன். போகவில்லை. மாதாவை வேண்டிக்கொண்டு அடித்தேன். அப்போதும் போகவில்லை. வெண்கலத்துக்கு பக்தி கிடையாது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அது போகக்கூடாது என்று ஏற்பாடு செய்தவனே நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். சுருக்கமாகச் சொல்வேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. நீட்டி முழக்க நேரமில்லை.

என் பெயர் அனிபால். மலையடிவார ஊரான கலர்காவில் ஜீப் ஓட்டுகிறேன். ஐம்பத்து நாலாம் வருஷத்து வில்லிஸ். காப்பி மூட்டை, வாழைத்தார், பன்றி, பள்ளிக்கூட வாத்தியார் என்று மலைக்கு மேலே எது போகவேண்டுமோ, கீழே எது வரவேண்டுமோ, எல்லாம் ஏற்றுவேன். மாமியாரைத் தவிர.

செவ்வாய்க்கிழமை காலை. சோள அடையான அரேப்பாவில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். என் மனைவி ரோசால்பா கறுப்புக் காப்பியை மேசையில் வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள். அவள் சத்தத்தோடு வைத்தால்தான் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

"சனிக்கிழமை ஜீப் வேணும்."

"எதுக்கு?"

"வீடு மாத்த."

"யார் வீட்டை?"

"அம்மா வீட்டை."

"எங்கே மாத்தறாங்க?"

"கீழே."

"கீழேன்னா, இந்த ஊருக்கா?"

"இந்தத் தெருவுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

"கிழவரே, உங்க கால் எந்த மேசைக்கு அடியில இருக்கோ, அந்த வீட்டுக்கு."

கத்தி கீழே விழுந்தது.

"நம்ம வீட்டுல அறை ஏது?"

"உங்க இரும்புக் குப்பை கிடக்குதே, அது அறைதானே?"

அது குப்பை இல்லை. அது என் பட்டறை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் என் வைஸ் அங்கே இருக்கிறது. என் ரேடியோ இருக்கிறது. என் வலை ஊஞ்சலும் இருக்கிறது. தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை அங்கேதான் வேலை செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிறேன்.

"அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசு," என்றாள் ரோசால்பா. "மலைமேல ஒத்தையாக் கிடக்காங்க. வழுக்கி விழுந்தா கோழிதான் வந்து பாக்கணும்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் காப்பிக்குள் பார்த்தேன்.

"உன் தம்பி நிக்கானோர் என்ன சொல்றான்?"

"சனிக்கிழமைக்குள்ள நாம கூட்டிட்டு வரலேன்னா, ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல வந்து அவன் காலிக்குக் கூட்டிட்டுப் போயிடுவானாம்."

காலி! நல்ல ஊர். பெயரே அம்சமாக இருக்கிறது. மாமியார் காலிக்குப் போனால் என் அறை காலியாக இருக்கும்.

"அவனுக்கும் பெத்தவளைப் பாக்க ஆசை இருக்கும்ல," என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"அம்மாவுக்குக் காலி ஒத்துக்காது. வெக்கை."

"விசிறி வாங்கிக் குடுப்பான்."

"சனிக்கிழமை ஜீப் வேணும்," என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றாள் ரோசால்பா. அவளோடு பேசுவது மலைப்பாதையில் ரிவர்ஸ் எடுப்பது மாதிரி. கடைசியில் புறப்பட்ட இடத்தில்தான் நிற்போம்.

என் மாமியார் எத்தெல்வினா, ஊர் வழக்கப்படி மரியாதையாகத் தோன்யா எத்தெல்வினா, கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். திட்டமாட்டார். கோள் மூட்டமாட்டார். அதையெல்லாம் ஒரு மனிதன் தாங்கிக்கொள்ளலாம். இவர் ரிப்பேர் செய்வார்.

மலையில் காப்பிப்பழம் உரிக்கும் மிஷினை ஐம்பது வருஷமாகத் தானே கழற்றித் தானே மாட்டியவர். போன ஈஸ்டருக்கு மூன்று நாள் வந்திருந்தார். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றது. மேசை ஆடுவது நின்றது. கக்கூஸ் கதவு தாழ்ப்பாள் விழ ஆரம்பித்தது. இதையெல்லாம் நான் சரிசெய்யத்தான் இருந்தேன். பதினோரு வருஷமாக இருந்தேன். ஒரு மனிதனுக்கு அவகாசம் கொடுக்க வேண்டாமா?

"மாப்பிள்ளை, ஸ்க்ரூ டிரைவர் எங்கே இருக்கு?" என்று கேட்பார். தேன் மாதிரி கேட்பார். தெரு முழுக்க என்னை மெக்கானிக் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு மெக்கானிக் போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஜீப் ஊர்வலம். முப்பத்தோரு வருஷமாக ஓட்டுகிறேன். வீட்டுச் சாமானைக் கோபுரமாக ஏற்றி, பின்சக்கரத்தில் மட்டும் நின்று, முன்சக்கரத்தை ஆகாயத்தில் தூக்கிக் காட்டும் பிரிவில். விண்ணப்பப் படிவத்தில் இரண்டு வரி உண்டு. ஓட்டுபவர் யார்? வண்டியைப் பழுது நீக்கியவர் யார்? மேடையில் ஒலிபெருக்கியில் இரண்டையும் வாசிப்பார்கள். என் தெருவில் இரண்டு வரியிலும் தன் பெயரையே எழுதுகிற ஆள் நான் ஒருவன்தான். வருஷத்தில் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் பன்றி ஏற்றுகிறேன்.

எனவே முடிவெடுத்தேன். சனிக்கிழமை ஜீப் ஓடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஓடவேண்டும். இவ்வளவு சின்ன முடிவை எடுத்து இவ்வளவு பெரிய குழியில் விழுந்தவன் வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும். கைகுலுக்குகிறேன்.

கிளட்ச் பெடல் ஓர் இரும்புத் தண்டின்மேல் ஆடுகிறது. பெடலின் அடியில் ஒரு குழல். குழலுக்கும் தண்டுக்கும் நடுவே, முனைக்கு ஒன்றாக, வெண்கல வளையம். அதுதான் புஷ். அது தேய்ந்தால் பெடல் குடிகாரன் மாதிரி தள்ளாடும். என் பெடல் இரண்டு வருஷமாகத் தள்ளாடியது. அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

"ரோசால்பா, கிளட்ச் பெடல் ஆடுது. கழட்டப் போறேன்."

"ரெண்டு வருஷமா ஆடுதே."

"இன்னிக்குத்தான் மனசு வந்துச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். பயறு பொறுக்கும்போது கல்லைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நல்லது, கழட்டுங்க. ஊர்வலப் படிவம் வியாழக்கிழமைக்குள்ள குடுக்கணும். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. மத்ததை நான் எழுதிக் குடுத்துக்கறேன். உங்களுக்கு வேலை தலைக்கு மேல இருக்குமே."

போட்டேன். கையில் எண்ணெய். படிவத்தின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகைகூட விழுந்தது.

மத்தியானம் லேத் பட்டறைக்குப் போனேன். லேத் ஓட்டும் பௌதிலியோ என் வயசுக்காரன். தலையில் ஒரு முடி கிடையாது.

"ரெண்டு புஷ் கடையணும்," என்றேன். "உள்ளே தண்டு அளவு. வெளியே குழல் அளவு. அதுக்கு மேல ஒரு மயிரிழை."

"இறுக்கமாப் பிடிக்கணும்னு நானே ஒரு மயிரிழை கூட்டித்தான் கடைவேன்."

"அதுக்கு மேல இன்னொரு மயிரிழை."

"யாரோட மயிரு?"

"என்னய்யா கேள்வி இது?"

"கேக்கணும்ல. கைக்குழந்தை மயிரு வேற, கழுதை மயிரு வேற. அளந்து பாக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல," என்று மண்டையைத் தடவினான்.

என் மீசையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி அவன் மேசையில் வைத்தேன். அவன் அதைக் கருவியில் வைத்து அளந்தான்.

"இது மயிரு இல்லய்யா, முள்ளுக்கம்பி. இந்த அளவு கூட்டினா உள்ளேயே போகாது."

"போகக்கூடாது. சனிக்கிழமை வரைக்கும் போகக்கூடாது. ஞாயித்துக்கிழமை விடியக் கொண்டுவரேன். அந்த மயிரிழையைச் சீவிக் குடு."

பௌதிலியோ லேத்தை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றினான்.

"மாமியாரா?"

"கடையிற வேலையைப் பாரு."

"என் வாயிலேருந்து வராது," என்றான்.

வரவில்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவன் மனைவி மார்லேனி பட்டறை ஓரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். துணி உலர்த்துகிற பெண்களுக்குக் காது கேட்காது என்று நான் நினைத்துவிட்டேன். அவளும் ரோசால்பாவும் தினமும் கோயிலில் ஒரே பெஞ்சு.

புதன் முதல் வெள்ளி வரை தெருவில் உட்கார்ந்து அடித்தேன். நாலு வீடு கேட்கும்படி அடித்தேன். புஷ் குழலின் வாயில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்ததே தவிர ஒரு நூல் அசையவில்லை. பிரமாதம். பௌதிலியோ தங்கமான தொழிலாளி.

எதிர்வீட்டு லிசிமாக்கோவும் ஜீப்காரன்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னய்யா, யாருக்குச் சாவு மணி?"

"புஷ் மாட்டறேன்."

"புஷ்ஷா? புஸ்ஸா?"

இன்னும் ஓங்கி அடித்தேன்.

ரோசால்பா மணிக்கொரு தடவை வெல்லத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"போச்சா?"

"போகல."

"பாவம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவளே வந்து சொன்னாள்: "அம்மாகிட்டச் சொல்லிட்டேன். ஜீப் கழட்டிக் கிடக்கு, வர வழியில்லேன்னு. காலிக்கே போறேன்னுட்டாங்க."

ஜெயித்துவிட்டேன். கல்யாணமாகி நாற்பத்து நாலு வருஷத்தில் முதல் வெற்றி. இவ்வளவு சுலபமாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படாமல் பட்டறைக்குப் போய் ஊஞ்சலில் படுத்தேன்.

சனிக்கிழமை காலை, மறுநாள் வேலையை ஞாபகப்படுத்த பௌதிலியோவிடம் போனேன். பட்டறை பூட்டியிருந்தது. கதவில் ஓர் அட்டை தொங்கியது. மார்லேனியின் கையெழுத்து.

'பேத்திக்கு ஞானஸ்நானம். மனிசாலெஸ் போகிறோம். செவ்வாய்க்கிழமை திறப்போம்.'

மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் செவ்வாய்க்கிழமை என்றுதான் இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். இப்போது நிஜமாகவே அடித்தேன். பொய்யாக அடித்தபோது புஷ்ஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிஜமாக அடித்ததும் ஒரு புஷ்ஷின் விளிம்பு காளான் மாதிரி விரிந்தது. அரத்தால் சீவிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். கையால் சீவினால் வட்டம் முட்டையாகிவிடும். பெடல் இல்லாமல் கிளட்ச் இல்லை. கிளட்ச் இல்லாமல் முன்சக்கரம் எழும்பாது. எழும்புவது என்ன, வண்டி தெருவைத் தாண்டாது. முப்பத்தோரு வருஷம். நடைபாதையில் உட்கார்ந்தேன்.

லிசிமாக்கோ நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"குழலைச் சூடாக்கு. புஷ்ஷைக் குளிர வை. இரும்பு விரியும், வெண்கலம் சுருங்கும். வெண்ணெய் மாதிரி போகும்."

"எவ்வளவு குளிரணும்?"

"கல்லாட்டம் குளிரணும். ஐஸ் கட்டியெல்லாம் போதாது. பெரிய ஐஸ் பெட்டியில ஒரு ராத்திரி கிடக்கணும்."

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வெண்ணெய் உருகும். அதையும் நான் சரிசெய்யத்தான் இருக்கிறேன். இருந்தாலும் புஷ் இரண்டையும் பயறுச் சட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். வெளியே எடுத்தபோது நாய் மூக்கு அளவுக்குக் குளிர்ந்திருந்தது. பயறு வாசனை வேறு.

"கறிக்கடைக்காரன்கிட்ட ஐஸ் பெட்டி இருக்கு," என்றேன்.

"கேட்டாச்சு," என்றாள் ரோசால்பா, அரேப்பா மாவைத் தட்டிக்கொண்டே. "எண்ணெய்ப் பிசுக்கு இரும்பைக் கறியோட வக்க மாட்டானாம்."

எப்போது கேட்டாள்? நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

மாவு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தட். தட். தட். அவள் மாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காத்திருந்தாள். நாற்பத்து நாலு வருஷமாக அவள் என்னை ஜெயிப்பது பேசியல்ல, பேசாமல்.

கடைசியில் என் வாயாலேயே வந்தது.

"உங்க அம்மாகிட்ட ஒரு ஐஸ் பெட்டி இருக்குல்ல?"

மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குச்சி ஐஸ் விற்கிறார் என் மாமியார். சவப்பெட்டி அளவுக்கு வெள்ளைப் பெட்டி. எனக்குத் தெரியும். நான்தான் அதை மலைக்கு ஏற்றினேன்.

"இருக்கு," என்றாள். "நாளைக்குக் காலிக்குப் போகுது."

"இன்னிக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும்..."

"எது? பெட்டியா?"

"பெட்டி மட்டும்."

"பெட்டி அம்மாவை விட்டு வராது, கிழவரே. அம்மாவும் பெட்டியை விட்டு வரமாட்டாங்க."

"அப்ப அவங்களும் வரட்டும். ஒரு ராத்திரிதானே."

"ஒரு ராத்திரிக்கு எண்பத்தெட்டு வயசுக்காரியை ஏத்தி இறக்குவீங்களா? அவங்க என்ன வாழைத்தாரா?"

"பின்னே என்னதான் செய்யச் சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. மாவு தட்டறேன்."

தட். தட்.

"சரி. வரச் சொல்லு," என்றேன்.

"நான் கூப்பிட்டா வரமாட்டாங்க. மாப்பிள்ளை வேணும்னே வண்டியைக் கழட்டிப் போட்டுட்டாரோன்னு அவங்க மனசுல ஒரு இது. நீங்களே பேசுங்க."

ஃபோனில் மறுமுனை மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. என் காதில் வைத்தாள். கையிலிருந்த மாவு என் காதில் ஒட்டியது.

"தோன்யா எத்தெல்வினா, நான் அனிபால் பேசறேன்."

"யாரு?"

"மாப்பிள்ளை."

"எந்த மாப்பிள்ளை?"

அவருக்கு ஒரே மகள்.

"ரோசால்பா வீட்டுக்காரன். நீங்க இங்க வரணும்."

"விருந்துக்கா?"

ரோசால்பா மெதுவாகத் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"இருக்கறதுக்கு," என்றேன்.

"காது சரியாக் கேக்கல, மாப்பிள்ளை. சத்தமாச் சொல்லு."

"எங்க வீட்டுலயே இருக்கறதுக்கு வாங்க!"

எதிர்வீட்டில் லிசிமாக்கோ நாற்காலியிலிருந்து எழுந்தான். "கேட்டுச்சு, கேட்டுச்சு," என்று கையைக் காட்டினான். அவன் ஜீப் மலையைப் பார்க்க நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக ஓடியதோ தெரியாது.

மூன்று மணிக்குத் திரும்பினான். முதலில் நான் ஜீப்பைப் பார்க்கவில்லை. ஒரு வீடு நடந்து வருவதைப் பார்த்தேன். அடியில் ஐஸ் பெட்டி, சூடு தட்டாமல் போர்வை போர்த்தி. பெட்டி ஆடாமல் இருக்கக் கட்டில். கட்டில் நகராமல் இருக்க அலமாரி. அலமாரியை முட்டுக் கொடுக்கத் தையல் மிஷின். தையல் மிஷின் மேலே கோழிக்கூடு, அது எதற்கு என்று லிசிமாக்கோவுக்கே தெரியவில்லை. முன்சீட்டில் தோன்யா எத்தெல்வினா, மடியில் திரு இருதய ஆண்டவர் படத்தோடு.

"படத்தை ஆளில்லாத வீட்டுல விட்டுட்டு வர முடியுமா, மாப்பிள்ளை?" என்றார்.

ரோசால்பா குடும்பத்தில் அந்தப் படத்துக்கு ஒரு வழக்கம். அதை ஒரு சுவரில் மாட்டினால் பிறகு கழற்றுவதில்லை. வீட்டுக்கு ஆகாதாம். என் பட்டறைக்குள் போனார். சுவரைப் பார்த்தார். ஊஞ்சல் கயிற்றை அவிழ்த்தார். அந்த ஆணியிலேயே படத்தை மாட்டினார். ஆண்டவர் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இனி இந்த வீட்டில் பெண்கள் இரண்டு பேர் என்பதாக நான் எடுத்துக்கொண்டேன்.

நான் புஷ் மாட்டப் போனவன். மாட்டிக்கொண்டு நின்றேன்.

"எங்கே அந்தப் புஷ்?"

கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். விரிந்த விளிம்பை நகத்தால் தடவினார்.

"சுத்தியல் பட்டிருக்கே."

"கை தவறிடுச்சு."

"மூணு நாளாத் தவறிச்சுன்னு கேள்விப்பட்டேன்." என் அரத்தை என் பெட்டியிலிருந்து, என்னிடம் கேட்காமல், நேராக அது இருக்கிற இடத்திலிருந்து எடுத்தார். விளிம்பை மட்டும் நாலு இழுப்பில் சீராக்கினார். பிறகு இரண்டு புஷ்ஷையும் துடைத்து, ஒரு துணியில் முடிந்து, கொய்யாப்பழ ஐஸுக்கும் லூலோ பழ ஐஸுக்கும் நடுவே புதைத்தார்.

"ஆமா, இந்தப் புஷ்ஷை யாரு கடைஞ்சது?"

"பௌதிலியோ."

"அந்த மொட்டையனா? அவன் தப்பாக் கடையிற ஆள் இல்லையே. ஒரு மயிரிழை கூடுதலா இருக்கு." இரண்டு விரலை மயிரிழை இடைவெளி விட்டுக் கண்ணருகே பிடித்துக் காட்டினார். "அதுவும் நல்ல முரட்டு மயிரு."

என் கை தானாக மீசைக்குப் போனது. ரோசால்பா சிரிப்பை மாவுக்கையால் பொத்திக்கொண்டாள். மீசை மாதிரி மாவு ஒட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பெடலை அரேப்பா சுடும் அடுப்பில் வைத்தார்கள். ஓரத்தில் எனக்கு இரண்டு அரேப்பாவும் சுட்டார்கள். குழல்மேல் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தார் தோன்யா எத்தெல்வினா. சுர்ரென்றது.

"இப்ப," என்றார்.

ரோசால்பா பெடலை இடுக்கியால் பிடித்து வைஸில் வைத்தாள். அவர் பெட்டியைத் திறந்து முடிச்சை எடுத்தார். வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. துணியால் பிடித்துக் குழலின் வாயில் வைத்தார். சுத்தியலை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலால் அழுத்தினார்.

போய்விட்டது.

மூன்று நாள் நான் ஊரைக் கூட்டி அடித்த புஷ், எண்பத்தெட்டு வயது கட்டைவிரலுக்கு வழிவிட்டு, பூனை வீட்டுக்குள் போகிற மாதிரி போனது. இரண்டாவதும் போனது. லிசிமாக்கோ கைதட்டினான். அவனை யார் உள்ளே விட்டது?

என் மெக்கானிக் மானத்துக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. இறுக்கமாக உள்ளே போன புஷ் நசுங்கும். ஓட்டை சுருங்கும். தண்டு போகாது. அது மெக்கானிக்குக்கு மட்டுமே தெரிந்த விஷயம். குழல் ஆறியதும் தண்டை எடுத்துவந்து வைத்தேன். போகவில்லை.

"ஆங்," என்றேன். "பாத்தீங்களா? ஓட்டை சுருங்கிடுச்சு. இதுக்குத் தனியாக் கருவி வேணும். பௌதிலியோகிட்டத்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை..."

என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஊர்வலம் பன்னிரண்டு மணிக்கு. என் தோல்விக்கு நானே கொடி பிடித்துக்கொண்டிருந்தேன்.

தோன்யா எத்தெல்வினா விறகுக் கட்டிலிருந்து ஒரு காப்பிக் கம்பை உருவினார். நுனியைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தார். பிளவில் உப்புத்தாளைச் செருகிச் சுற்றினார். ஓட்டைக்குள் விட்டு, சாக்லேட் பானம் கடைகிற மாதிரி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே கடைந்தார். கொஞ்சம் கடைவார். தண்டை வைத்துப் பார்ப்பார். மறுபடி கடைவார்.

"காப்பி மிஷினுக்கு வருஷா வருஷம் இதானே வேலை," என்றார். "உன் மாமனாரும் சுத்தியல்தான் தூக்குவாரு. நல்ல மனுஷன்."

நாலாவது தடவை தண்டு போனது. கிரீஸ் தடவிப் பெடலை மாட்டினோம். மிதித்துப் பார்த்தேன். ஆடவில்லை. சத்தம் இல்லை. புது வண்டி மாதிரி இறங்கி, புது வண்டி மாதிரி ஏறியது. எனக்கு அழுகை வந்தது. கிரீஸ் கண்ணில் பட்டது என்று சொன்னேன்.

"சாமான் ஏத்த வேண்டாமா? மணி ஆகுதே," என்றாள் ரோசால்பா.

ஊர்வலத்துக்கு வீட்டுச் சாமான் வேண்டும். எங்கள் கட்டில் சுவரோடு சிமென்ட் பூசியது. வருஷா வருஷம் இரவல் கேட்பேன், இந்த வருஷம் மறந்துபோனேன். என்ன இருந்தது? என் மாமியாருடைய கட்டில், என் மாமியாருடைய அலமாரி, தையல் மிஷின், கோழிக்கூடு. சனிக்கிழமை ஏற்றமாட்டேன் என்று சதி செய்த அதே சாமானை, ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்க்க, என் ஜீப்பில், என் கையாலேயே ஏற்றிக் கட்டினேன். முன்சீட்டில் அவரே ஏறி உட்கார்ந்தார்.

"இறங்குங்க. வண்டி அந்தரத்துல நிக்கும்."

"நான் மாட்டின பெடல்தானே, மாப்பிள்ளை? எனக்குப் பயமில்ல."

சதுக்கத்தில் கூட்டம். மேடைக்கு முன்னால் வந்தேன். கிளட்சை அழுத்தினேன், கியரைப் போட்டேன், இன்ஜினை உறுமவிட்டு, காலைப் பட்டென்று எடுத்தேன். முன்சக்கரம் எழும்பியது. முப்பத்தோரு வருஷத்தில் அவ்வளவு உயரம் எழும்பியதில்லை. ஆகாயம் மட்டும் தெரிந்தது. கோழி கத்தியது. பக்கத்தில் ஒரு குரல், "இன்னும் கொஞ்சம் தூக்கு, மாப்பிள்ளை," என்றது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. இறங்கி நின்றேன். தொப்பியைச் சரிசெய்தேன். ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஓட்டுபவர், தோன் அனிபால் லொந்தோன்யோ!"

கையசைத்தேன். இரண்டாவது தடவை அசைக்கக் கையைக் கீழே இறக்காமலே வைத்திருந்தேன். என் நிமிஷம். அறிவிப்பாளர் இன்னொரு பெயரை வாசித்தார். கைதட்டல் வந்தது. என் கை அந்தரத்தில் நின்றது.

ஓடிப்போய் மேடையிலிருந்து படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் என் கட்டைவிரல் எண்ணெய். கீழே என் கையெழுத்து. பதிவு முத்திரையில் புதன்கிழமைத் தேதி. புஷ் அப்போது குழலின் வாயைத்தான் தொட்டிருந்தது. மாமியார் மலையில் இருந்தார். பௌதிலியோ ஊரில் இருந்தான். நான் தெருவில் உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே ரோசால்பா, அவளுடைய உருண்டை எழுத்தில், நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள்:

பழுது நீக்கியவர்: தோன்யா எத்தெல்வினா கார்தோனா.